பரம்பரையில் இல்லாத சீனி

தேத்தண்ணியை எங்கே ஊற்றுவது என்பதுதான் அன்று காலை சுந்தரலிங்கத்தின் பிரச்சினை.

கையில் கோப்பை நிறையப் பால் தேத்தண்ணி. கனகேஸ்வரி வழக்கம்போல ஏலக்காய் தட்டிப் போட்டு, சீனியையும் தாராளமாய் அள்ளிப் போட்டிருந்தாள். கொழும்பு, வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நாலாம் மாடிப் பல்கனியில், கோப்பையைப் பிடித்தபடி அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. சத்தம் நிற்பதற்குள் கோப்பை காலியாக வேண்டும்.

பக்கத்தில் கருவேப்பிலைச் சாடி இருந்தது. ஊற்றினார்.

கீழேயிருந்து ஒரு "ஐயோ!" வந்தது.

"மேல ஆர்? சுந்தரலிங்கம் அண்ணையோ?"

மூன்றாம் மாடி றமீலா. வங்கியில் வேலை செய்கிறவள். காலையில் கட்டப்போகும் சேலையைக் கம்பியில் உலரப் போடுகிறவள். சுந்தரலிங்கம் சாடிக்குப் பின்னால் குந்தினார். குந்துவதற்கு வயிறு இடங்கொடுக்கவில்லை. பாதி குந்தியபடி குரல் கொடுத்தார்.

"கருவேப்பிலைக்குத் தண்ணி விட்டனான் பிள்ளை. கொஞ்சம் கூடிப்போச்சு."

"தண்ணியோ? தண்ணி ஏன் அண்ணை ஏலக்காய் மணக்குது?"

தேங்காய் துருவும் சத்தம் நின்றுவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். கனகேஸ்வரி கதவடியில் நின்றாள். வெறுங்கோப்பையைப் பார்த்தாள். சாடியைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் எப்போதும் அப்படித்தான். கோபம் வந்தால் கதைக்கிற பெண்களோடு சீவிப்பது சுகம் என்று சுந்தரலிங்கம் பல தடவை நினைத்ததுண்டு.

இந்தத் தேத்தண்ணிச் சங்கடம் தொடங்கியது கொள்ளுப்பிட்டியில், அவர் வேலை செய்யும் காப்புறுதி நிறுவனத்தில். வருடாந்த உடற்பரிசோதனைக்கு வந்த டொக்டர் ஸவாஹிர் அவரை மட்டும் இருக்கச் சொன்னார்.

"மிஸ்டர் சுந்தரலிங்கம், ஒங்களுக்கு இன்னும் டயபிட்டீஸ் இல்ல. ஆனா எல்லையில நிக்கிறீங்க. இப்பவே கவனிச்சா வராமத் தடுக்க நல்ல வாய்ப்பு ஈக்கி. கவனிக்காட்டி வந்துரும்."

"எனக்கோ டொக்டர்?"

"ஒங்களுக்குத்தான். எடையக் கொறைக்கணும். சோத்தக் கொறைக்கணும். சீனிய மறந்துரணும். தெனமும் வேர்க்க வேர்க்க நடக்கணும். ஒங்கட வயித்தையும் ரிப்போர்ட்டையும் பாத்தா நட மட்டும் காணாது. சாப்பாட்டோட மெட்போர்மின் குளிசையும் எடுங்க. குடும்பத்துல யாருக்கும் சீனி வருத்தம் ஈக்கா?"

"என்ர பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லை. மனிசியின்ர பக்கம்தான் முழுக்க."

டொக்டர் பேனையை நிறுத்தினார்.

"மனைவி பக்கத்தால ஒங்களுக்கு வராது, மிஸ்டர்."

"இல்லை, ஒரு தகவலுக்குச் சொன்னனான்."

"வீட்டுல சொல்லிருங்க. தனிய இதச் செய்ய ஏலாது. சமைக்கிறவங்களுக்குத் தெரியணும்."

அதைத்தான் சுந்தரலிங்கத்தால் செய்ய முடியவில்லை.

ஏன் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவருக்கே கூச்சமாக இருந்த விஷயம் அது. கனகேஸ்வரியின் தகப்பனார் சலரோகத்தில், இதே சீனி வருத்தத்தில், காலை இழந்து காலமானவர். கலியாணப் பேச்சு நடந்தபோது அவள் வீட்டார் அதை ஒளிக்காமல் சொன்னார்கள். அன்றிலிருந்து சுந்தரலிங்கத்துக்கு அது ஒரு பிடியாகிவிட்டது. அவள் பாயசத்துக்குச் சீனி கூட்டினால், "உங்கட பரம்பரைக்குக் காணாதோ?" என்பார். அவள் களைத்துப்போய் உட்கார்ந்தால், "தொடங்கீட்டுது போல" என்பார். அவளுடைய தம்பி தில்லைநாதனுக்கும் சீனி வந்தபோது கலியாண வீடுகளில் அவனுக்குப் பக்கத்திலேயே இலை பிடித்து உட்கார்ந்து, "தில்லை, உனக்குப் பாயசம் இல்லை, மணத்தை மட்டும் பிடி" என்று சொல்லி, அவனுடைய பங்கையும் தானே குடிப்பார். சபை சிரிக்கும். தில்லைநாதனும் சிரிப்பான். கனகேஸ்வரி மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"எங்கட பரம்பரையில சீனி எண்ட கதையே இல்லை" என்பது அவருடைய முடிவான வசனம். "எங்கட அப்பரைப் பாருங்கோ. கடைசிக் காலத்தில இனிப்பை விட்டவர்தான். ஆனால் நோய் வருத்தத்தில இல்லை, வைராக்கியத்தில."

அந்தத் தகப்பனார் இப்போது வரவேற்பறைச் சுவரில் படமாய், மாலையோடு இருந்தார். கடைசி வருடங்களை இந்த வீட்டில்தான் கழித்தார். சுந்தரலிங்கம் ஒபிசுக்குப் போய்விட, அவரைப் பார்த்துக்கொண்டவள் கனகேஸ்வரிதான்.

இப்படிப்பட்ட மனிதர் இனி எந்த முகத்தோடு மனைவியிடம் போய், எனக்குச் சீனி வரப் பார்க்கிறது என்று சொல்வது?

குளிசையை வெள்ளவத்தையில் வாங்க முடியாது. காலி வீதிப் பார்மசிகளில் முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் ஏதோ ஒரு வழியில் சொந்தக்காரர். ஆகவே கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினார். கொச்சிக்கடைப் பக்கம் திரும்பும் தெருவில் ஒரு பழைய பார்மசி இருந்தது. கண்ணாடி போட்ட வயதான முஸ்லிம் பெண்மணி ஒருவர் காசு மேசையில் இருந்தார். நளீபா என்று கடைக்காரர்கள் கூப்பிட்டார்கள்.

"பேர் என்ன சேர்?" உறையில் எழுதப் பேனையை எடுத்தபடி கேட்டார் நளீபா.

சுந்தரலிங்கம் சுற்றிப் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வாயில் வந்தது வேறு பெயர்.

"தில்லைநாதன்."

நளீபா டொக்டரின் மருந்துத் துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். டொக்டர் ஸவாஹிரின் கையெழுத்தில் எந்தப் பெயரும் எந்தப் பெயராகவும் இருக்கலாம். தில்லைநாதன் என்றே எழுதினார்.

"துண்டு இங்கயே இருக்கட்டும் அம்மா. வீட்டில துலைஞ்சு போகும்" என்றார் சுந்தரலிங்கம். குளிசைகளை மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

குளிசை விழுங்கலாம். சாப்பாட்டை என்ன செய்வது? கனகேஸ்வரியின் சோற்றுக் கோப்பையை எதிர்த்து நிற்க வழி தெரியவில்லை. "ஒபிசில சாப்பிட்டனான்" என்றால், "ஆர் தந்தது?" என்பாள். நடக்கப் போகிறேன் என்றால், கலியாணமான நாளிலிருந்து பால் பக்கற் வாங்கக்கூட லிப்டில் போன மனிதன் ஏன் திடீரென்று நடக்கிறான் என்று ஊர் கேட்கும். கடைசியில் அவரால் தடுக்க முடிந்தது தேத்தண்ணி ஒன்றைத்தான். அதுவும் றமீலாவின் சேலையில் போய் முடிந்தது.

கருவேப்பிலை கெட்டிக்காரச் செடி, ஒன்றும் ஆகவில்லை. எறும்புதான் வந்தது. சாடியிலிருந்து சுவர், சுவரிலிருந்து கதவு நிலை, நிலையிலிருந்து சாப்பாட்டு மேசை என்று ஒழுங்காக வரிசை கட்டியது. கனகேஸ்வரி மஞ்சள் தூள் தூவினாள். அவர் இடத்தை மாற்றினார். மறுநாளிலிருந்து கோப்பையோடு பாத்ரூமுக்குள் போய், அங்கே ஊற்றினார். தண்ணீர் நிறைய விட்டால் சத்தம் கேட்கும் என்று கொஞ்சமாக விட்டார்.

ஒரு காலை பாத்ரூம் கதவைத் திறந்து வெளியே வந்தவர் அப்படியே நின்றார். கனகேஸ்வரி வாசலில் நின்றாள். அவருடைய தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். நிலத்திலிருந்து சுவர்வரை கறுப்புக் கோடு.

"பாத்ரூமில எறும்பு" என்றாள்.

அவர் வெறுங்கோப்பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"எங்கட ஐயா சலம் போன இடத்திலயும் முதல் எறும்புதான் வந்தது."

சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். அவள் பார்வையில் கேள்வி இருந்ததா, அழைப்பு இருந்ததா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. சொல்வதானால் அதுதான் நேரம். ஒரு வசனம் போதும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிறகு அது தானாகவே அசைந்தது. இத்தனை வருடம் பழகிய பாதையில் போனது.

"உமக்காயிருக்கும்" என்றார். "உங்கட பரம்பரையல்லோ."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குழாயிலிருந்து சொட்டு விழும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

"ஓம், எனக்காய்த்தான் இருக்கும்" என்றாள் கனகேஸ்வரி. "ரத்தம் சோதிக்கப் பிறகு குடுப்பம். முதல்ல கொஞ்ச நாள் பத்தியமாய் இருந்து பாப்பம்."

அன்றே சீனிப் பேணி வீட்டை விட்டு வெளியேறியது. மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, கோப்பையில் பாதி. மிச்சம் முழுக்கக் கீரையும் பாவற்காயும். இரவுக்குக் குரக்கன் மாப் பிட்டு, அதுவும் மெலிந்த இரண்டு துண்டு. தேத்தண்ணி, சீனியும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் வந்தது.

"உங்களுக்கு வேணுமெண்டால் வேற சமைக்கிறன்" என்றாள். "எனக்குத்தானே வருத்தம்."

சுந்தரலிங்கம் இந்த வாய்ப்பை விடுவாரா?

"என்ன கதை இது? நீர் பத்தியம் இருக்க நான் விருந்து சாப்பிடுறதோ? உமக்காக நானும் இருக்கிறன். நடக்கவும் உம்மோட வாறன்."

சொல்லும்போதே நெஞ்சுக்குள் ஏதோ புழு நெளிந்தது. ஆனாலும் சொன்னார். கனகேஸ்வரி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு, "பெரிய உபகாரம்" என்றாள்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் அவர் நினைத்தார். பிரச்சினைக்கு அப்போதுதான் கால் முளைத்தது.

பின்னேரங்களில் மரைன் டிரைவில் இருவரும் நடந்தார்கள். அவர் முன்னால் விறுவிறென்று போவார். வருத்தக்காரி என்று பெயரெடுத்தவள் பின்னால் ஆற அமர வருவாள். பாத்ரூம் எறும்பு முதல் பத்தியம்வரை றமீலாவுக்கு விஷயம் தெரிந்தது. றமீலாவுக்குத் தெரிந்ததென்றால் தொடர்மாடியின் வாட்ஸ்அப் குழுவுக்கே தெரிந்த மாதிரி. சேலையில் தேத்தண்ணி ஊற்றியவரை அவள் மன்னித்துவிட்டாள்.

"அண்ணை, அண்டைக்கு நீங்கள் தேத்தண்ணியை ஊத்தினது இதுக்குத்தானோ? அக்காவால குடிக்க ஏலாது எண்டு நீங்களும் குடிக்காமல் விட்டனீங்களோ?"

"அது வந்து பிள்ளை…"

"சொல்லாதேங்கோ. எனக்கு விளங்கீட்டுது." கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடந்துகொண்டிருந்த தன் புருஷனின் பக்கம் திரும்பினாள். "கேட்டியளோ? இதுதான் மனிசன். நீங்கள் எனக்குக் காய்ச்சல் எண்டாலும் கொத்துரொட்டி வாங்கி வந்து எனக்கு முன்னாலையே திண்டனீங்கள்."

அந்தப் புருஷன் அன்றிலிருந்து சுந்தரலிங்கத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார். ஒரு கிழமைக்குள் அந்தத் தெருவில் பல புருஷன்மார் அப்படி நடக்கத் தொடங்கினார்கள்.

சுந்தரலிங்கத்துக்கு உடம்பு இளைத்தது. காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. "மனிசிக்குச் சீனி எண்ட கவலையில உருகிப்போனார்" என்றார்கள். மெல்பேர்னிலிருந்து மகள் சாம்பவி வீடியோவில் வந்து, "அப்பா, அம்மாவை இப்பிடிப் பாக்கிறியள். நான் உங்களைப் பற்றிப் பிழையாய் நினைச்சிருந்தன்" என்று மூக்கை உறிஞ்சினாள். எதைப் பிழையாக நினைத்திருந்தாள் என்று கேட்க அவருக்குத் துணிவில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது தில்லைநாதன் வந்த நாள். கையில் ஒரு பை நிறையப் பாவற்காயோடு வந்தான். வந்தவன் பையைக் கீழே வைத்துவிட்டு அவருடைய இரண்டு கையையும் பிடித்தான்.

"அத்தான், கலியாண வீடுகளில நீங்கள் என்ர பாயசத்தைக் குடிக்கேக்க உங்களில எனக்குக் கோபம் வாறது. இப்பதான் விளங்குது. நான் குடிச்சிடக்கூடாது எண்டுதானே நீங்கள் குடிச்சனீங்கள்?"

சுந்தரலிங்கம் பாவற்காய்ப் பையைக் குனிந்து பார்த்தார். தன்னுடைய பெயரில் கொட்டாஞ்சேனையில் மருந்து போய்க்கொண்டிருப்பது தெரியாமல், தில்லைநாதன் கண் கலங்கி நின்றான்.

"இரு தில்லை" என்றாள் கனகேஸ்வரி. "அத்தானுக்கு வெக்கமாக்கும். அவர் செய்யிறதை வெளியில சொல்ல விரும்பாத ஆள்."

அந்த வசனம் அவருடைய காதுக்குள் இரண்டு நாள் கிடந்தது.

தில்லைநாதன் பழைய மாணவர் சங்கக் கொழும்புக் கிளையில் உபதலைவர். கிளையின் சுகாதார தினம் வந்தது. 'மனைவியின் நோயில் கணவனின் பங்கு' என்ற தலைப்பில் சுந்தரலிங்கம் பேச வேண்டும் என்று தீர்மானமாகிவிட்டது. அவர் மறுத்தார். மறுக்க மறுக்க அது அடக்கம் என்று பதிவாகியது.

அன்று காலை அவசரத்தில் ஒன்றும் சாப்பிடாமல் வெறும் வயிற்றிலே குளிசையை விழுங்கியிருந்தார். சாப்பாட்டோடு எடுங்கள் என்று டொக்டர் சும்மா சொல்லவில்லை என்பது மேடையில் ஏறியபோது விளங்கியது. மைக்கைப் பிடித்தார். முன்வரிசையில் கனகேஸ்வரி கைகளை மடியில் கட்டியபடி இருந்தாள்.

"சபையோரே" என்றார். வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. "என்ர மனைவி…"

மேலே சொல்ல முடியவில்லை. உதடு துடித்தது. நெற்றி வியர்த்தது. ஒரு கையால் மேசையைப் பிடித்தார். மண்டபம் மூச்சடங்கிப் போயிருந்தது.

"என்ர மனைவி…" என்றார் மறுபடி. அதோடு மைக்கை வைத்துவிட்டு மேடையால் இறங்கி ஓடினார். மண்டபத்தின் பின்பக்கம் ஓடினார். அவர் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது கைதட்டல் சுவரைத் தாண்டிக் கேட்டது. நீண்ட நேரம் கேட்டது. சிலர் எழுந்து நின்று தட்டினார்களாம். ஒரு வயோதிபர், "இப்பிடி உணர்ச்சியான பேச்சு நான் கேட்டதில்லை" என்றாராம்.

சுந்தரலிங்கம் அங்கேயே இருந்தார். வயிறு ஓய்ந்த பிறகும் இருந்தார். தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, இந்தக் கதவைத் திறக்காமலே மிச்சச் சீவியத்தைக் கழிக்க முடியுமா என்று யோசித்தார். அவருக்காக அல்ல, அவர் செய்த களவுக்காகவே அந்த மண்டபம் கை தட்டியிருந்தது. நல்ல சுகத்தோடிருந்தவளை வருத்தக்காரி ஆக்கிவிட்டு, அந்த வருத்தத்திலேயே தனக்கு மாலை கட்டியிருந்தார்.

வெளியே வந்தபோது கனகேஸ்வரி தனியாக நின்றாள். ஒரு போத்தல் தண்ணீரை நீட்டினாள்.

"காலமை சாப்பிடாமல் வெளிக்கிட்டனீங்கள்" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த கிழமை றமீலா விடவில்லை. "அக்கா, பத்தியம் இருக்கிறது சரி, ரத்தம் குடுத்துப் பாக்க வேண்டாமோ?" என்று கனகேஸ்வரியை லாபுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னேரம் ரிப்போர்ட்டோடு இருவரும் வந்தார்கள். றமீலா துள்ளிக் குதிக்காத குறை.

"அண்ணை! ஒண்டும் இல்லை! அக்காவுக்குச் சீனி எல்லாம் நோர்மல். எல்லைக்குக் கிட்டக்கூட இல்லை!"

"நல்லது" என்றார் சுந்தரலிங்கம். குரல் எலிக்குரலாக வந்தது.

றமீலாவின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. புருவம் சுருங்கியது.

"அப்ப அண்ணை, எறும்பு ஆருக்கு வந்தது?"

கடல் காற்றில் யன்னல் திரைச்சேலை அசைந்தது.

"ரிப்போர்ட் பிழையாயிருக்கும்" என்றாள் கனகேஸ்வரி. நிதானமாகச் சொன்னாள். "எங்கட பரம்பரையில எனக்கு மட்டும் எப்பிடி இல்லாமல் போகும்? நாளைக்கு வேற இடத்தில திரும்பக் குடுக்கிறன்."

சட்டைக் கையை உயர்த்தினாள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. சுற்றிவர நீலம் பாரித்திருந்தது. அவளுக்கு நரம்பு அகப்படுவது எப்போதும் கஷ்டம். மற்றக் கையைத் திருப்பிப் பார்த்தாள், நாளைக்கு எந்த இடத்தில் குத்தலாம் என்று தேடுகிறவள்போல.

"கனகம், வேண்டாம்" என்றார் சுந்தரலிங்கம்.

"ஏன்?"

"வேண்டாம். உமக்கு இல்லை. எனக்குத்தான்."

றமீலாவுக்கு அடுப்பில் ஏதோ வைத்தது நினைவுக்கு வந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சுந்தரலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார். டொக்டர், தேத்தண்ணி, பாத்ரூம், கண்ணாடிக் கூட்டுக்குள் குளிசை. ஒன்று சொன்னால் அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது. தில்லைநாதனின் பெயரை மட்டும் விழுங்கிக்கொண்டார். அதற்கும் சேர்த்து வெட்கப்பட அவரிடம் வெட்கம் மிச்சமில்லை.

"எனக்கு இன்னும் வரேல்லை. எல்லையிலதான் நிக்குது. உம்மட சாப்பாட்டாலயும் நடையாலயும் இப்ப இறங்கியிருக்கும். ஆனால்…" சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "அப்பரின்ர பரம்பரைக்கே நான்தான் முதல் மாசு."

"அவரை இதுக்குள்ள இழுக்காதேங்கோ" என்றாள் கனகேஸ்வரி.

கரையோர ரயில் ஒன்று போய் முடியும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"குளிசை இருக்கோ?" என்று கேட்டாள் கடைசியில்.

"முடிஞ்சுது. துண்டு கொட்டாஞ்சேனைப் பார்மசியில கிடக்கு."

"கொட்டாஞ்சேனையிலயோ? எந்தப் பார்மசி?"

"கொச்சிக்கடைக்குத் திரும்புற தெருவில. நளீபா எண்டொரு அம்மா காசு மேசையில இருப்பா."

கனகேஸ்வரி மடித்துக்கொண்டிருந்த துணியை விரித்தாள். திரும்ப மடித்தாள்.

"நீங்கள் மட்டும் போய் எடுத்துக்கொண்டு வாங்கோ. இனி இங்க முன்னாலையே வாங்குவம்."

"இல்லை. நீரும் வாரும்."

"எனக்கு அந்தப் பக்கம் ஒரு தேவையும் இல்லை."

அவள் கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தார். கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. ஆனால் மனம் திருந்திய மனிதருக்கு உள்ள வேகம் அவரைப் பிடித்திருந்தது.

"உம்மை விட்டிட்டு ஒளிச்சு ஒளிச்சுப் போனது காணும், கனகம். அந்தக் கடைப் படியில உம்மோட சேந்து ஏறினால்தான் என்ர மனம் ஆறும். வராட்டி நான் குளிசையே போடமாட்டன்."

பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். கொட்டாஞ்சேனையில் இறங்கியதும், "எனக்குத் தலையிடிக்குது, நான் இந்த நிழலில நிக்கிறன்" என்றாள். அவர் விடவில்லை. அவளுடைய கையைப் பிடித்தார். நடுத்தெருவில் மனைவியின் கையைப் பிடிப்பது அவருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. படியேறினார்.

"வாங்க தில்லைநாதன் சேர்" என்றார் நளீபா.

கனகேஸ்வரி மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"தில்லைநாதனோ?"

சுந்தரலிங்கத்தின் காது சூடேறியது. இனி விழுங்க ஒன்றுமில்லை.

"அம்மா, அது என்ர மச்சான்ர பேர். நான் பொய் சொன்னனான். என்ர பேர் சுந்தரலிங்கம். எனக்குச் சீனி வரப் பாக்குது எண்டு சொல்ல வெக்கப்பட்டு, இவவுக்கும் ஒளிச்சு இங்க வந்தனான். இனி ஒளிக்கமாட்டன். இவதான் என்ர மனிசி."

கடையில் நின்ற இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது பரவாயில்லை என்று தோன்றியது. நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போலிருந்தது. எல்லாம் சொல்லியாகிவிட்டது.

கனகேஸ்வரி சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மறைத்தபடி அவருக்குப் பின்னால் நகர்ந்தாள். நளீபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அல்லாவே, கனகேஸ்வரிப் புள்ளயா! மாமனாருக்கு மாசா மாசம் இன்சுலின் வாங்க வருவீங்களே, 'எங்கட பரம்பரையில சீனி இல்லண்டு மகன் ஊரெல்லாம் சொல்லித் திரியிறான், அவனத் தலகுனிய வெக்க வாணாம்' எண்டு பெரியவர் ஒங்கள்ட்ட சத்தியம் வாங்கினதாச் சொன்னீங்களே, அந்த மகன் இவர்தானா?"